அந்த வீட்டுக் கை

வெள்ளவத்தை
2025 செப்டெம்பர் 3

சுபோ,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். ஷிஹான் மௌத்தான நாளிலிருந்து ஆறுதல் சொல்லி வந்த குரல்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் கடிதம். எங்களுக்குச் சாமான் ஏற்றித் தருகிற பிறெடி கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது உன்னிடம் கொடுப்பான்.

நீ வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். படித்து முடித்த பிறகு ஒன்றாகக் கலியாண அட்டை செய்யத் தொடங்கினோம். மையித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று வருவாய் என்று இருந்தேன், வரவில்லை. ஆனால் அந்தக் கிழமையே கலியாண அட்டைகள் வைத்த பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பிறெடியை அனுப்பினாய். அவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தானாம். "என்ன மகள், எதையாம் எடுக்க வந்தீக்கிற?" என்று மாமி உள்ளே வந்து என்னைக் கேட்டார். பெட்டியைக் காட்டினேன், மாமி தூக்கிக் கொடுத்தார். நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு அட்டைகளைத் திருப்பி அனுப்பு. உள்ளே வைக்கிற தாள்களையும் சேர்த்து அனுப்பு. வெட்டுவதும் மடிப்பதும் உன் வேலை, ஓட்டையில் ஐலெட் வளையம் அடிப்பது என் வேலை. அது மாறவில்லைதானே? புருஷன் போனவள், இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போக மாட்டேன். வீட்டுக்குள் வேலை செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு கஷ்டம். சுத்தியலால் அடிக்க முடியாது. மாமி பக்கத்து அறையில் ஓதிக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு துண்டு அட்டையை வைத்துச் சும்மா இரண்டு அடி அடித்தேன். கீழ்மாடி நோனா ஏறி வந்துவிட்டாள். "மொனவத மிஸ் ஒய கஹன்னே?" என்ன அடிக்கிறேன் என்று கேட்கிறாள். மௌத்து வீட்டில் ஆணி அடிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. மாமியும் வந்து ஐலெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது சப்பாத்துல கயிறு கோக்கிற ஓட்டைக்குப் போடுறதல்லவா?" என்றார். ஓம் என்றேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

சத்தம் போடாமல் அமர்த்துகிற பிளையர் ஒன்று வேண்டும். சாமான் வாங்குகிறவள் நீதானே, எது நல்லது என்று எழுது. பிறெடி புறக்கோட்டையில் வாங்கி வருவான்.

கைகள் மடியில் கிடக்கின்றன. யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருக்கிறது. இந்த வேலையையும் எடுத்துவிட்டால் காலையில் எழும்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை, சுபோ.

நிப்லா


கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 5

அன்புள்ள நிப்லா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் முதலில் பிளையரைப் பற்றி எழுதுகிறேன், கோபிக்காதே.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். மேசையில் பூட்டி, கைப்பிடியை இழுத்து அமர்த்துகிற மெஷின் ஒன்று. அது பை தைக்கிறவர்களுக்கு, எங்கள் குட்டி ஐலெட்டுக்கு அதன் அச்சு பெரிது. இரண்டாவது, பிளாஸ்டிக் கைப்பிடியோடு வருகிற மலிவுப் பிளையர். அதைத் தொடவே வேண்டாம். இரண்டு தாடையும் நேராகச் சேராது, ஐலெட் ஒரு பக்கம் சரிந்து வாய் கோணிப் போகும். மூன்றாவது முழுக்க இரும்பு, தாடையில் இருக்கிற அச்சைக் கழற்றி மாற்றலாம். அதை வாங்கு. வாங்குவதற்கு முன் பிளையரை வெறும் வாயாக மூடிப் பார்க்கும்படி பிறெடியிடம் சொல். மேல் அச்சின் முனை கீழ் அச்சின் குழிக்கு நடுவில் போய் நிற்க வேண்டும். சற்று விலகினாலும் வேண்டாம்.

பிளையரின் தாடை உள்ளே எட்டாது என்பதையும் நினைவில் வை. விளிம்போரத்தில் உள்ள ஓட்டைக்கு மட்டும்தான் அது சரி. எங்கள் அட்டையில் ஓட்டை இடது ஓரத்தில்தான் என்பதால் பரவாயில்லை. ஐலெட்டின் கழுத்து அட்டையையும் தாளையும் தாண்டிப் பின்னால் ஓர் அரிசி அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடினால் பிளந்துபோகும், குறைந்தால் பிடிக்காது. இதெல்லாம் உனக்குத் தெரியும், நான் யாருக்குப் பாடம் எடுக்கிறேன்?

வராததைப் பற்றி. இத்தாவில் இருக்கிற பெண்ணை வெளி ஆட்கள் பார்க்கக் கூடாது, வேற்றுச் சமயத்தவர் என்றால் ஆகவே ஆகாது என்று ஒருவர் சொன்னார். நான் வந்து உனக்கு ஏதும் பிழையாகிவிடுமோ என்று பயந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டியை எடுப்பித்தது உன் பாரத்தைக் குறைக்கத்தான். இப்போதைக்கு ஓய்வாக இரு. உள்தாள் இன்னும் அச்சகத்திலிருந்து வரவில்லை, வந்ததும் பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சுபோதினி


வெள்ளவத்தை
2025 செப்டெம்பர் 9

சுபோ,

உனக்கு அப்படிச் சொன்னவர் யார்? இத்தாவில் அந்நிய ஆண்களைத்தான் பார்க்க மாட்டோம். பெண்கள் காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற சிங்கள டீச்சர் வந்து என் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கிறார்கள், என் முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள், தங்களுக்குள் ஏதோ பேசுகிறார்கள். வந்தவர்களில் நீ மட்டும் இல்லை. தெரியாமல்தான் வராமல் நின்றாய் என்றால் சரி. தெரியாததைக் கேட்டிருக்கலாம். பத்து வருடம் என் வீட்டுப் பெருநாள் சோறு தின்றவள் நீ.

பிளையர் வந்தது. நீ சொன்ன மூன்றாவது வகைதான். பிறெடி கடைக்காரனை நாலைந்து பிளையரை மூடித் திறக்க வைத்தானாம், கடைக்காரன் திட்டினானாம். பிஸ்கட் பெட்டி அட்டையில் பழகினேன். முதலில் ஒரேயடியாக இறுக்கினேன், பின்பக்கம் கீறல் கீறலாக வெடித்தது. பிறகு அரைவாசி அமர்த்தி, அட்டையைச் சற்றுத் திருப்பி, மீதியை அமர்த்தினேன். விளிம்பு அழகாகச் சுருண்டது. சுத்தியலில் ஓர் அடி கூடினால் காதில் கேட்கும். இதில் கேட்க ஒன்றும் இல்லை, உள்ளங்கையில்தான் தெரிய வேண்டும். தெரிந்தது. மற்றபடி எனக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. குளிக்கும்போது தண்ணீர் சூடா குளிரா என்றுகூடத் தெரிவதில்லை.

இனி ஒரு விஷயம். உள்தாள் அச்சகத்திலிருந்து வரவில்லை என்று எழுதியிருந்தாய். பிளையரைத் தரும்போது பிறெடி மாமியிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "நான்தானே மாமி போன கிழமை அச்சகத்தில இருந்து பார்சல் ஏத்திக்கொண்டு போய் சுபோ மிஸ் வீட்டில இறக்கினன்." அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை.

ஏன், சுபோ?

நிப்லா


கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 12

நிப்லா,

தாள் வந்துவிட்டது. நான் பொய் எழுதினேன்.

இந்த அட்டை பாலேஸ்வரி அன்ரியின் மகளுடைய கலியாணத்துக்கு என்பது உனக்குத் தெரியும். அன்ரி என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை என்பதும் தெரியும். ஷிஹானின் செய்தி பேப்பரில் வந்த அன்று அவர் எனக்குப் போன் எடுத்தார். முதலில் உனக்காக உண்மையாகவே வருந்தினார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதை. அந்த வீட்டுக் கை இதில படவேண்டாம். இவளுக்கு ரெண்டு தரம் பேசி முறிஞ்சு போச்சு. இதாவது நடக்கவேணும். எனக்குப் பயமாக் கிடக்குது."

நான் "ஓம் அன்ரி" என்றேன். அந்த ஓம் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை. "அட்டையெல்லாம் இப்ப ஆரிட்ட?" என்று கேட்டார். "என்னட்டத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்தவுடன் பிறெடியை உன் வீட்டுக்கு அனுப்பினேன்.

எங்களில் செத்த வீட்டுத் துடக்கும் தீட்டும் முப்பத்தொரு நாளோடு போய்விடும். கலியாணம் ஐப்பசியில், அதற்குள் நாள் கழிந்துவிடும் என்று வாதாடியிருக்கலாம். ஆனால் அவர் நாளைப் பற்றிச் சொல்லவில்லை, உன்னைப் பற்றித்தான் சொன்னார். புருஷனை இழந்தவளுக்கு நாள் கணக்கு இல்லை. எழுதவே கூசுகிறது. உன் வீட்டில் இத்தா முடிந்தால் முடிந்தது, எழும்பி வெளியே வந்துவிடுவாய். எங்கள் வீடுகளில் அது முடிவதில்லை.

இத்தாவில் பார்க்கக் கூடாது என்று ஒருவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது. வந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டிவந்திருக்கும்.

இப்போது நானே ஐலெட் அடிக்கிறேன். கேவலமாக வருகிறது. கை கொப்பளித்துவிட்டது. பாதி சரிந்து நிற்கிறது, சிலது கழன்று விழுகிறது. பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குக் குட்டிச் சீட்டுகள் செய்யும் வேலை ஒன்று வந்திருக்கிறது. அதை முழுக்க உனக்கே தருகிறேன். இந்தக் கலியாணம் முடியட்டும், பிறகு பழையபடி சேர்ந்து செய்வோம். செய்வோமா?

சுபோ


வெள்ளவத்தை
2025 செப்டெம்பர் 13

சுபோ,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மாமி சோறு தந்தார், தின்றேன். பிறகு மறுபடி வாசித்தேன். அப்போதும் வரவில்லை.

நீ ஒன்றை அறிய வேண்டும். அந்த அட்டைகளில் ஓட்டை போட்டது நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் இல்லை. எனக்கு அப்போது காய்ச்சல், எழும்ப முடியவில்லை. ஷிஹான் அந்தச் சனியும் ஞாயிறும் டீவியில் கிரிக்கெட் பார்த்தபடி, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, முழுப் பெட்டிக்கும் பஞ்ச் பண்ணிமுடித்தார். "சுபோட கையில நல்ல பேர் வாங்கப் போறேன் நான்" என்று சிரித்தார். திங்கட்கிழமை எழும்பவில்லை.

ஒவ்வோர் அட்டையிலும் அவர் கைதான் இருக்கிறது. நீ கொப்பளித்த கையால் அமர்த்துகிறாயே, அவர் வெட்டிய ஓட்டைக்குள்தான் அமர்த்துகிறாய்.

அவர் ஓட்டை போட்டபோது உயிரோடுதான் இருந்தார். அந்த அன்ரியிடம் கேட்டுச் சொல், அது துடக்கா இல்லையா? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நாள் முழுக்க இதைத்தான் யோசிக்கிறேன். யோசிக்க ஏதோ ஒன்று இருக்கிறதே என்று இருக்கிறது.

நீ அவரிடம் சொல்லாமல் விட்டாலும் என் வாயிலிருந்து அது வராது. அட்டை போகட்டும், அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடக்கட்டும். அவள் என்ன செய்தாள், பாவம். சீட்டு வேலை எனக்கு வேண்டாம். கலியாண அட்டையை உனக்கு வைத்துக்கொண்டு எனக்குச் சீட்டைத் தருவது பிச்சை. ஒன்றை மட்டும் சொல். இனி வருகிற கலியாணங்களுக்கும் ஒவ்வோர் அன்ரியாகக் கேட்கத்தான் போகிறார்கள். அப்போதும் ஓம் என்பாயா? என்பாய் என்றால் இப்போதே எழுதிவிடு, பிரிந்துகொள்வோம். பிளையரை நான் வைத்துக்கொள்கிறேன்.

நிப்லா


கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 18

நிப்லா,

போய்க் கேட்டேன்.

முதலில் போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். அட்டையை மேசையில் பரப்பி வைத்தேன், ஓட்டைகளைப் பார்த்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. ஷிஹான் என்னிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன் என்று சொன்னாராம். நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. எனக்கு என்னையே பிடிக்கவில்லை, நிப்லா.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்கு, அன்ரியின் ஃபிளாட்டுக்கு வந்தேன். நவரத்தினம் மாமா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி உன் வீட்டில் இருந்ததையும், என்னிடம் இருக்கிறது என்று நான் பொய் சொன்னதையும், ஓட்டை போட்டவர் யார் என்பதையும் சொன்னேன். நீ கேட்டதையும் உன் வார்த்தையிலேயே கேட்டேன்.

அன்ரி ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "பாவம், எவ்வளவு நேரா போட்டிருக்கிறார்" என்றார். பிறகு அட்டையை என் கையில் திருப்பித் தந்தார். "துடக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது பிள்ளை. இதை அனுப்பிப்போட்டு என்னால நித்திரை கொள்ள ஏலாது."

மாமா பேப்பரை இறக்காமலே, "பாலேஸ், அது செத்தவன்ர கை இல்லை, இருந்தவன்ர கை" என்றார். அன்ரி கதிரையில் இருந்துவிட்டார். அழுதார். எனக்கு அவரில் கோபம் வைக்க முடியவில்லை, நீயும் வைக்காதே. கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் ரிப்பன் கட்டிய அட்டை செய்கிறார்கள், ஓட்டையே இல்லை, அதைச் செய்விக்கப் போகிறார்களாம். அம்மாவின் பக்கத்துச் சொந்தத்தில் இனி ஒருவரும் எங்களிடம் வரமாட்டார்கள். எங்களிடம் என்றுதான் எழுதுகிறேன், என்னிடம் என்று அல்ல. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இனி எந்த அன்ரி கேட்டாலும், ஐலெட் அடிக்கிறவள் நிப்லா, விருப்பம் என்றால் தாருங்கள் என்பேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பிறகு யோசிப்போம்.

அங்கிருந்து இறங்கி உன் தெரு முனைவரை வந்தேன். உன் வீட்டுப் பல்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி. ஏறி வர முடியவில்லை. பஸ் எடுத்து வந்துவிட்டேன். இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டியைப் பிறெடியிடம் அனுப்புகிறேன். அட்டைகள் உன்னுடையவை. நான் கெடுத்தவற்றைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கழற்றப் பார்த்தேன், ஓட்டை கிழியத் தொடங்கியது, விட்டுவிட்டேன்.

சுபோ


வெள்ளவத்தை
2025 செப்டெம்பர் 24

சுபோ,

பெட்டி வந்தது. இரண்டு நாள் திறக்கவில்லை. மாமி அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார், அப்போது எடுத்துத் திறந்தேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்போது வருகிறவர்களுக்கு ஷிஹானின் பேரில் யாசீன் கிதாபு, ஓதுகிற சின்னப் புத்தகம், அடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய கூடப்பிறந்த நானா ஸவாஹிர் சொல்லிக்கொண்டிருந்தார். தாள்களை அச்சடித்துக் கொண்டுவந்தும் விட்டார், மட்டைக்கு என்ன செய்வது என்று வாசலில் நின்று மாமியிடம் கேட்டார். நான் மாமிக்குப் பெட்டியைக் காட்டினேன். "சிவப்பா? யாசீனுக்குச் சிவப்பு மட்டையா மகள்?" என்றார் மாமி. நியாயம்தான். உங்கள் அட்டை இடது பக்கம் கட்டுவது. கிதாபு அரபு என்பதால் வலது பக்கம் கட்டுவது. அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஓட்டை வலது பக்கம் வந்துவிடும், ஆனால் சிவப்பு வெளியே நிற்கும். அதனால் நான் புரட்டினேன். பின்பக்கம் வெள்ளை. ஓட்டையும் வலது பக்கம் வந்தது. மாமி கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்றும் இன்றும் அதுதான் வேலை. தாள் கூடுதல் என்பதால் நீளக் கழுத்து ஐலெட் வேண்டியிருந்தது, பிறெடி வாங்கி வந்தான். அரைவாசி அமர்த்து, திருப்பு, மீதியை அமர்த்து. சத்தமே இல்லை. மாமி பக்கத்தில் இருந்து, முடிந்தவற்றை அடுக்கினார். நீ கெடுத்தவற்றில் ஐலெட் வெள்ளைப் பக்கம் வாய் பிளந்து நிற்கிறது, தாள் கிழியும். அவற்றை ஒதுக்கிவிட்டேன். குறை நினைக்காதே.

அவருடைய ஓட்டைகள் எல்லாம் நேராக இருக்கின்றன, அன்ரி சொன்னது சரி. ஒன்றைத் தவிர. அதில் ஓட்டை விளிம்புக்கு மிகக் கிட்டப் போய்விட்டது, பாதி வெளியே நிற்கிறது. டீவியைப் பார்த்திருப்பார். விக்கெட் விழுந்திருக்கும், எழும்பிக் கத்தியிருப்பார். நான் காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்து, சத்தத்தைக் குறையுங்கள் என்று ஏசினேன். அந்த அட்டையை மாமி குப்பைக்கு எடுத்தார். நான் பறித்தேன். மாமியின் கையிலிருந்து பறித்தேன், சுபோ. நான் அப்படிச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. மாமி பயந்துபோனார். பிறகு இருவரும் அந்த இடத்திலேயே தரையில் இருந்துவிட்டோம்.

கத்தம் வெள்ளிக்கிழமை. நீ வியாழன் வா. பெண்கள் எல்லாரும் வருவார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் பாதி கிதாபு கட்ட இருக்கிறது. ஆறுதல் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருந்து தாளை அடுக்கித் தந்தால் போதும்.

எனக்கு அவர் வேண்டும். இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நிப்லா